உயிர் அறிவியல் முனைவர் பட்ட ஆய்வும் ‘பெயர்த்தகு திறன்’ பயிற்சியும்: ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வாளருக்குத் துறை அறிவோடு பிற பணிகளுக்கும் உதவும் திறன்களையும் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து கடந்த கால்நூற்றாண்டில் பல நாடுகளின் ஆய்வுக் கொள்கைகளில் நிலைபெற்றுள்ளது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இக்கருத்து உயிர் அறிவியல் துறைகளில் செயல்வடிவம் பெற்ற முறையை இக்கட்டுரை விமர்சன நோக்கில் அணுகுகிறது. அத்திறன்கள் ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பணிகளிலேயே உள்ளன என்பதும், அப்பணிகளை ஆய்வாளரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்காமல் தனி வகுப்புகளால் ஈடுசெய்ய முயல்கின்றன என்பதும் இதன் வாதம். இவ்வடிப்படையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளும் மதிப்பிடப்படுகின்றன.

குறிச்சொற்கள்: முனைவர் பட்ட ஆய்வு, உயிர் அறிவியல், பெயர்த்தகு திறன், நெறியாளர், ஆய்வு ஆலோசனைக் குழு, ஒப்புதல் படிவம்

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வு நெடுங்காலம் ஒருவரிடம் ஒருவர் தொழில் பழகும் முறையாகவே இருந்துவந்தது. நெறியாளரின் அருகிலிருந்து பார்த்தும் செய்தும் திருத்தப்பட்டும் ஆய்வாளர் உருவானார். நல்ல நெறியாளர் வாய்த்தவர் வளர்ந்தார். வாய்க்காதவர் தாமே வழி தேடினார். இந்த வாய்ப்புக்கேட்டை நீக்கும் நோக்கில் எழுந்ததே கட்டமைக்கப்பட்ட முனைவர் பட்டப் பயிற்சி. நுழைவுக்கு ஒரு முறை, பாடநெறி, ஆலோசனைக் குழு, கால வரையறை, இவற்றோடு திறன் பயிற்சி என்பவை அதன் உறுப்புகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 2005இல் சால்ஸ்பர்க் நகரில் கூடி வகுத்த பத்துக் கோட்பாடுகள் இதற்கு ஒரு பொது வடிவம் தந்தன. அவற்றுள் முதலாவது, முனைவர் பட்டத்தின் மையம் புத்தாய்வின் வழியே அறிவை வளர்ப்பதே என்கிறது. 2011இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஏழு கொள்கைகளிலோ திறன் பயிற்சி தனியொரு கொள்கையாகவே இடம்பெற்றுவிட்டது.

மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் உயிர் அறிவியல் ஆய்வு மேற்கொண்டுள்ள இக்கட்டுரையாளருக்கு இது வெறும் கொள்கை விவாதம் அன்று. ஆய்வுக்கூடத்தில் கழியும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் எதற்குத் தகுதிப்படுத்துகின்றன என்பது, நிலையான பேராசிரியர் பணியிடங்கள் அருகிவரும் காலத்தில், ஒவ்வோர் ஆய்வாளரின் வாழ்க்கையையும் தொடும் வினா.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபரபிள் ஸ்கில்ஸ்’ என வழங்குவதைத் தமிழில் ‘மாற்றத்தக்க திறன்கள்’ என்று எழுதுவோர் உளர். மாற்றத்தக்கது என்றால் வேறொன்றாகத் திரியக்கூடியது என்னும் பொருளே முதலில் தோன்றுகிறது. ஓரிடத்தில் கற்றதை அதன் இயல்பு கெடாமல் வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதே இங்குக் கருதப்படும் பொருள் என்பதால், இக்கட்டுரை ‘பெயர்த்தகு திறன்’ என்னும் சொல்லை ஆள்கிறது. நாற்றைப் பெயர்த்து நடும் வழக்கை அறிந்தவர்க்கு இச்சொல் இன்னொன்றையும் உணர்த்தும். பெயர்த்து நடுவதற்கு முன் நாற்றங்கால் ஒன்று வேண்டும்.

இது சொல் விளையாட்டு அன்று. ஐரோப்பிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வுப்பணிகள் குறித்து வெளியிட்ட அறிக்கையில், ஒரு சூழலில், எடுத்துக்காட்டாக ஆய்வில், கற்று மற்றொரு சூழலில் பயன்படுவதே இத்திறன் என்னும் கருத்தில் வரையறை தரப்பட்டுள்ளது. பயிற்சியாலும் பெறலாம், பணி அனுபவத்தாலும் பெறலாம் என்றும் அது ஏற்கிறது. அதாவது, ஆய்வே நாற்றங்கால். நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. திறன்கள் ஆய்வுக்கு வெளியே, கருத்தரங்க அறையில், அரைநாள் பயிலரங்கில் கற்பிக்கப்படுகின்றன. பின்னர் ஆய்வாளர் அவற்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவார் என எதிர்பார்க்கப்படுகிறது.

பிரிட்டன்: பட்டியலும் நிதியும்

இக்கருத்து முழுமையாகச் சோதிக்கப்பட்ட களம் பிரிட்டன். அந்நாட்டு ஆய்வு மன்றங்கள் 2001இல் கூட்டுத் திறன் அறிக்கை ஒன்றை வெளியிட்டன. ஆய்வுத் திறன்களும் நுட்பங்களும், ஆய்வுச் சூழல், ஆய்வு மேலாண்மை, தனிநபர் செயல்திறன், தொடர்பாடல், குழுப்பணியும் தொடர்புகளும், பணிவாழ்வு மேலாண்மை என ஏழு தலைப்புகளில் ஓர் ஆய்வாளர் பெற வேண்டியவை அதில் வகுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, நிதித்துறையின் வேண்டுகோளின்படி இயற்பியலாளர் கேரத் ராபர்ட்ஸ் அளித்த அறிக்கை, அறிவியல் முனைவர்களின் பயிற்சி தொழில்துறையின் தேவைக்கும் கல்வித்துறையின் தேவைக்கும் போதவில்லை என்றது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் தனிப் பயிற்சி தரவேண்டும், அதில் பெரும்பகுதி பெயர்த்தகு திறன்களுக்குரியதாக இருக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களில் ‘ராபர்ட்ஸ் பணம்’ என்றே அது வழங்கியது.

அப்பணம் விளைவித்த நன்மைகளை மறுக்கவியலாது. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் தனித்துக் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டனர். பயிற்சியாளர் என்னும் புதிய பணிப்பிரிவும் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. ஆனால் பணம் எதற்குத் தரப்படுகிறதோ அதுவே எண்ணப்படும். நடத்திய பயிலரங்குகள், வந்தவர்களின் எண்ணிக்கை, நிரப்பிய கருத்துப் படிவங்கள் ஆகியவற்றைக் கணக்கில் காட்டுவது எளிது. தன் கட்டுரையின் முதல் வரைவை எழுத நெறியாளர் ஓர் ஆய்வாளரை விட்டாரா என்பதைக் கணக்கில் காட்டுவது அரிது. 2010இல் வீட்டே என்னும் அமைப்பு வெளியிட்ட ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம் நான்கு புலங்கள், 12 உட்பிரிவுகள், 63 விவரிப்புகள் என விரிந்தது. ஏழு தலைப்புகள் ஒன்பது ஆண்டுகளில் 63 விவரிப்புகளாயின. பட்டியல் நீளும்தோறும் ஆய்வாளர் தன்னிடம் இல்லாதவற்றை எண்ணும் நிலைக்கே தள்ளப்படுகிறார். தனி ஒதுக்கீடு 2011இல் முடிவுக்கு வந்தது.

உயிர் அறிவியலைப் பொறுத்தவரை, உயிரித்தொழில்நுட்ப மற்றும் உயிரியல் ஆய்வு மன்றம் 2012 முதல் நடைமுறைப்படுத்திய முனைவர் பயிற்சிக் கூட்டமைப்புகள் சற்றே வேறு வழியில் சென்றன. நான்காண்டு உதவித்தொகைக் காலத்துக்குள் மூன்று மாதம், ஆய்வுத் தலைப்போடு தொடர்பற்ற பணியிடம் ஒன்றில் ஆய்வாளர் பணிபுரிய வேண்டும். பள்ளி, இதழ் அலுவலகம், கொள்கை அமைப்பு, நிறுவனம் என எதுவாகவும் அது இருக்கலாம். பயிலரங்கைவிட இது மேலானது என்பதே இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. இங்குத் திறன் கற்பிக்கப்படுவதில்லை, வேலை ஒப்படைக்கப்படுகிறது. மேலும், அம்மூன்று மாதமும் நெறியாளரின் தயவில் கிடைப்பது அன்று. நிதி வழங்கும் மன்றத்தின் விதியால் கிடைப்பது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மூன்று மாதம் வெளியே கிடைக்கும் பொறுப்பு, மீதி 45 மாதம் உள்ளே ஏன் கிடைக்கவில்லை?

அமெரிக்கா: எண்ணிக்கைச் சிக்கலுக்குத் திறன் என்னும் விடை

அமெரிக்காவில் இக்கருத்துக்கு வேறொரு பின்னணி உண்டு. ஷெர்லி டில்மன் தலைமையிலான குழு ஒன்று 1998இல் தேசிய ஆய்வு மன்றத்துக்காக அளித்த அறிக்கை, உயிர் அறிவியலில் முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துமாறு கூறியது. 2012இல் அவரே இணைத்தலைமை ஏற்ற தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பணிக்குழு, உயிர் மருத்துவ முனைவர்களுள் நிலையான பேராசிரியர் பணியிலோ அதற்குரிய தகுதிப் படியிலோ அமர்வோரின் பங்கு 1993இல் 34 விழுக்காடாக இருந்து 26 விழுக்காடாகக் குறைந்துள்ளதைச் சுட்டியது. பெரும்பாலான மாணவர்கள் பயிற்சி நிதியால் அல்லாமல் பேராசிரியர்களின் ஆய்வுத் திட்ட நிதியால் ஆதரிக்கப்படுவதையும், பயிற்சி நிதியின் பங்கைக் கூட்ட வேண்டியதையும் அது எடுத்துரைத்தது.

இந்த நிதி வேறுபாடே சிக்கலின் கரு. பயிற்சி நிதியில் மாணவரின் நேரம் மாணவருடையது. திட்ட நிதியில் அது திட்டத்தினுடையது. புரதம் ஒன்றைப் பிரித்தெடுக்க ஒப்புக்கொண்ட திட்டத்தின் ஊதியத்தில் இருப்பவர் செவ்வாய் பிற்பகலில் பயிலரங்குக்குச் சென்றால், அப்பிற்பகலை நெறியாளர் இழப்பாகவே எண்ணுவார். நெறியாளரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய அடுத்த நிதியும் அப்புரதத்தையே நம்பியிருக்கிறது.

பரிந்துரைகளுள் எளியது விரைந்து நடைமுறைக்கு வந்தது. 2013 முதல் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ‘பெஸ்ட்’ என்னும் திட்டத்தின்கீழ் 17 நிறுவனங்களுக்கு நிதி வழங்கின. பல்வகைப் பணிகளை ஆய்வாளருக்கு அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். மாணவர் எண்ணிக்கையும் நிதி அமைப்பும் அவ்வளவு விரைவில் மாறவில்லை. 2014இல் புரூஸ் ஆல்பர்ட்ஸ், மார்க் கிர்ஷ்னர், ஷெர்லி டில்மன், ஹெரால்டு வார்மஸ் ஆகியோர் கூட்டாக எழுதிய கட்டுரை அமைப்பின் அடிப்படைக் குறைகளையே மீண்டும் பேசவேண்டியிருந்தது. இருக்கைகள் போதவில்லை என்னும் முறையீட்டுக்கு, நின்றுகொண்டே பயணம் செய்யக் கற்பிக்கிறோம் என்பது போன்ற விடை இது.

எனினும் பெஸ்ட் திட்டத்தால் ஓர் ஐயம் தீர்ந்தது. பத்து நிறுவனங்களின் தரவுகளை ஒப்பிட்டு 2021இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் வெளிவந்த ஆய்வு, இத்தகைய பயிற்சிகளில் பங்கேற்றவர்களுக்குப் பட்டம் பெறும் காலம் நீளவில்லை, ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையும் குறையவில்லை எனக் காட்டியது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறும் மணிகள் ஆய்வைக் கெடுக்கும் என்னும் நெறியாளர்களின் அச்சத்துக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பங்கேற்பாளர் தாமே முன்வந்தவர் என்பதைக் கருதினாலும், இம்முடிவு நம் துறைத் தலைவர்கள் அறியத்தக்கது.

ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே இருப்பவை

உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்கலாம். பாலூட்டிச் செல்களை வளர்ப்பவருக்கு ஞாயிறு என்று ஒன்றில்லை. 37 டிகிரி வெப்பமும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் உள்ள பேழையில் வளரும் செல்கள் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை புதுக்கலத்துக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றத் தவறினால் ஒரு மாத உழைப்பு வீணாகலாம். பாய்வு அளவிக் கருவியைப் பயன்படுத்த இன்னொரு துறையில் முன்பதிவு செய்ய வேண்டும். செல்கள் ஆயத்தமாகும் நாளும் கருவி கிடைக்கும் நாளும் எதிர்ப்பொருள் வந்துசேரும் நாளும் ஒன்றுகூடுமாறு திட்டமிடுபவருக்குக் காலமேலாண்மை பற்றி அரைநாள் பயிலரங்கு புதிதாக என்ன சொல்லிவிடும்?

ஆய்வுக் குறிப்பேடும் அத்தகையதே. தேதியிட்டு, பக்க எண்ணிட்டு, அடித்தெழுதியதையும் படிக்குமாறு விட்டு, தோற்ற சோதனையையும் பதிந்து வைப்பது ஒழுக்கப் பயிற்சி. பாலிமரேஸ் தொடர்வினையில் வார்ப்பு டிஎன்ஏ இடாத குழாய் ஒன்றைத் தவறாமல் வைப்பதும், அதில் பட்டை தோன்றினால் நல்ல முடிவுகள் அனைத்தையும் ஒதுக்கிவைப்பதும், தான் விரும்பும் விடையை ஐயுறக் கற்பவை. வங்கியிலோ நீதிமன்றத்திலோ செய்தி அலுவலகத்திலோ இதைவிடப் பயன்படும் திறன் எது?

இவை தாமாகவே பெயர்ந்துவிடும் என்று கருதவும் கூடாது. செய்வது வேறு, செய்வதை அறிந்து சொல்வது வேறு. அவ்வறிவை உண்டாக்குவது உரையாடல். குறிப்பேட்டை மாதம் ஒருமுறை இன்னொருவர் படித்து வினவுவது அதற்கு ஓர் எளிய வழி.

இவற்றைவிட முக்கியமானவை ஆய்வாளரின் கைக்கே வராத பணிகள். விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அளிக்கும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை எலிகள் வேண்டும், ஏன் அத்தனை, விலங்கின்றிச் செய்ய இயலாதா, துன்பத்தைக் குறைப்பது எப்படி என்பவற்றை அது கேட்கிறது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளும் அவ்வினாக்களில் பொதிந்துள்ளன. புள்ளியியல், அறவியல், துறை சாராத உறுப்பினருக்கும் விளங்க எழுதுதல் ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் கூடுகின்றன. ஆனால் அவ்விண்ணப்பம் பெரும்பாலும் நெறியாளரின் பழைய விண்ணப்பத்தின் படியாகவே உருவாகிறது. எலிகளைக் கையாளுபவர் அதன் வாதத்தை அறியாமலே பட்டம் பெற்றுவிட முடியும். வேதிப்பொருள் கொள்முதலுக்கான விலைப்புள்ளி ஒப்பீடும், நிதி கோரும் முன்மொழிவின் வரவு செலவுப் பகுதியும், இதழ்கள் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டுரைகளும் இத்தகையவை. சில ஆய்வுக்கூடங்களில் மதிப்பீட்டை மாணவரே எழுதுவதும் உண்டு. பெயர் மட்டும் நெறியாளருடையதாக இருக்கும். அங்கு வேலை கைமாறுகிறது, உரிமை கைமாறுவதில்லை.

ஆகவே குறைபாடு திறன் இன்மையில் இல்லை. ஒப்படைப்பு இன்மையில் இருக்கிறது. ஒப்படைப்பைக் கோருவது நெறியாளரின் அதிகாரத்தில் கைவைப்பது. பயிலரங்கு யாருடைய அதிகாரத்தையும் தொடுவதில்லை. நிறுவனங்கள் பின்னதை விரும்புவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இதனால் வகுப்பறை வேண்டா என்று கொள்ளலாகாது. புள்ளியியலை ஆய்வுக்கூட நடைமுறையிலிருந்து மட்டும் கற்றால் அங்குள்ள பிழைகளும் சேர்ந்தே வரும். ஆய்வு அறமும் அவ்வாறே. நெறியாளரோடு பேச்சற்றுப்போன ஆய்வாளருக்கு வெளியே நடக்கும் பயிலரங்கு ஒன்றே மூச்சுவிடும் இடமாக இருப்பதும் உண்டு.

இந்திய விதிமுறைகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை ஒரு பருவப் பாடநெறியைக் கட்டாயமாக்கியது. 2016ஆம் ஆண்டு விதிமுறை அதனை 8 முதல் 16 கிரெடிட் என்று வரையறுத்தது. 2019 இறுதியில் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்னும் 30 மணிநேரப் பாடம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் வந்த விதிமுறை குறைந்தது 12 கிரெடிட் கோருவதோடு, எத்துறையினராயினும் தம் துறை சார்ந்த கற்பித்தலிலோ எழுத்திலோ பயிற்சி பெற வேண்டும் என்கிறது. வாரத்துக்கு 4 முதல் 6 மணிநேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணியை ஒப்படைக்கவும் அது இடமளிக்கிறது.

சொல்லளவில் இது பிரிட்டனின் பட்டியல்களைவிடச் செயலுக்கு நெருக்கமானது. இளநிலை மாணவருக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது உண்மையான பொறுப்பு. ஆனால் அப்பணியை யார் கவனித்துத் திருத்துவார் என்பது கூறப்படவில்லை. கவனிப்பார் இல்லாத இடத்தில் பயிற்சி என்பது ஆசிரியப் பற்றாக்குறையை நிரப்பும் ஊதியமற்ற வேலையாகச் சுருங்கிவிடும். காலியிடங்கள் மிகுந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில் இவ்வச்சம் கற்பனை அன்று.

விதிமுறையின் முக்கியமான உறுப்பு ஆய்வு ஆலோசனைக் குழு. ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் அதன்முன் தோன்றி முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். ஒப்படைப்பு நடந்ததா என்று கேட்கக்கூடிய இடம் இதுவே. ஆனால் அதே விதி, குழுவின் அமைப்பாளராக நெறியாளரையே அமர்த்துகிறது. எவருடைய வழிகாட்டலையும் சேர்த்து மதிப்பிட வேண்டுமோ அவரே கூட்டத்தைக் கூட்டுபவர். அமெரிக்க உயிர் அறிவியல் பாடநெறிகள் பலவற்றில் ஆய்வேட்டுக் குழுவின் தலைவர் நெறியாளர் அல்லாத ஒருவர். கூட்டத்தின் ஒரு பகுதியில் நெறியாளர் வெளியே சென்றுவிட, ஆய்வாளர் குழுவோடு தனியே பேசுகிறார். பத்து நிமிடம்தான். செலவும் இல்லை. முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரம் பணிபுரிந்த பின்னரே நெறியாளரைத் தேரும் சுழற்சி முறையும் அங்கு இயல்பானது. பதிவு செய்யும் நாளிலேயே நெறியாளர் உறுதியாகிவிடும் நம் முறையில், கூடவே 12 கிரெடிட் பாடம் சேர்வதால் மட்டும் பயிற்சி கட்டமைக்கப்பட்டதாகிவிடாது.

நம் நாட்டிலேயே ஒரு மாற்றுமுறை உண்டு. அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் ஆய்வகங்களில் பயிலும் அக்சிர் மாணவர்கள், 80 கோடி மக்களின் வாழ்வை மனத்திற்கொண்டு பெயரிடப்பட்ட ‘சிஎஸ்ஐஆர்-800’ திட்டத்தின்கீழ் ஆறு முதல் எட்டு வாரம் ஊரகச் சிக்கல் ஒன்றை எடுத்துப் பணிபுரிய வேண்டும். சென்னைத் தோல் ஆய்வு நிறுவனத்திலும் காரைக்குடி மின்வேதியியல் நிறுவனத்திலும் பயில்வோருக்கும் இது பொருந்தும். பிரிட்டனின் மூன்று மாதத்தோடு ஒப்புநோக்கத்தக்க இவ்வேற்பாட்டை மாநிலப் பல்கலைக்கழகங்கள் கருதிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

தகவல் தாள் என்னும் எழுத்துப் பயிற்சி

2022ஆம் ஆண்டு விதிமுறை கூறும் எழுத்துப் பயிற்சி நடைமுறையில் ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கான பயிற்சியாகவே பொருள்கொள்ளப்படுகிறது. உயிர் அறிவியலாளர் எழுதவேண்டிய இன்னோர் எழுத்து உண்டு. இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்களின்படி, மனிதரிடமிருந்து குருதியோ திசுவோ பெறும் ஆய்வில், பங்கேற்பாளருக்கு விளங்கும் மொழியில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அம்மொழி பெரும்பாலும் தமிழ்.

பல ஆய்வுகளில் இத்தாள் கடைசி நேரத்தில் வெளியே கொடுத்து மொழிபெயர்க்கப்படும் சடங்காகிவிடுகிறது. விளைவாக, படிப்பவருக்கு விளங்காத தூய சொற்களோ, எழுத்து மட்டும் தமிழாகிய ஆங்கிலத் தொடர்களோ அதில் நிரம்புகின்றன. ‘உங்கள் மாதிரி எதிர்கால ஆய்வுக்காகச் சேமிக்கப்படும்’ என்னும் ஒரு தொடரைப் பார்ப்போம். மாதிரி என்றால் எது? எவ்வளவு காலம்? யாருடைய ஆய்வு? பிறகு வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிடுவார்களா? அதில் என் பிள்ளைகளின் நோயும் தெரியுமா? எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் புறநோயாளர் வரிசையில் நின்றுகொண்டு கேட்கக்கூடிய இவ்வினாக்களுக்கு இடம் தருமாறு அத்தொடரைத் திருத்தி எழுத, உறைநிலைச் சேமிப்பு, மரபணுத் தகவல், தரவுப் பகிர்வு ஆகிய அனைத்தையும் ஆய்வாளர் தாம் முதலில் தெளிய வேண்டும். எழுதியதை இரண்டு மூன்று பேரிடம் படித்துக் காட்டி, அவர்கள் தம் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேட்டு, மீண்டும் திருத்த வேண்டும்.

இதற்குத் தனி நிதி வேண்டா. புதிய பாடமும் வேண்டா. தகவல் தாளின் தமிழ் வடிவத்தை ஆய்வாளரே எழுதி, மாற்றங்களின் காரணத்தோடு ஆலோசனைக் குழுவின்முன் வைக்கவேண்டும் என்றும், அப்பருவத்தின் எழுத்துப் பயிற்சியாக அது ஏற்கப்படும் என்றும் துறை அளவில் ஒரு முடிவு எடுத்தால் போதும். தமிழ்த் துறையினர் ஒருவர் அக்கூட்டத்தில் அமர்ந்து, ‘மாதிரி’ என்பதற்கு வரிசையில் நிற்பவர் என்ன பொருள் கொள்வார் என்று கேட்கலாம்.